ஜான் தாமசும் ஏழுமலையும்: சேரித் திருச்சபையின் இளைஞர்கள்

"இளைஞர்கள் ஏன் சபையை விட்டு விலகுகிறார்கள்?" கிறித்தவக் கூட்டங்களில் இப்போது தவறாமல் எழும் கேள்வி இது. செல்போன், சினிமா, யூடியூப், கானா, அரசியல் என்று காரணங்கள் வரிசையாக வரும். காலம் மாறிவிட்டது, பண்பாடு மாறிவிட்டது, பிள்ளைகளைப் பிடித்து வைக்க வேண்டும் என்று பேச்சு முடியும்.

சேரியில் இருக்கும் திருச்சபைக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. மாறும் பண்பாடு எங்கோ வெளியிலிருந்து வந்து நம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகவில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், அதாவது இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் பெரும்பகுதியில், அந்த மாற்றத்தை உண்டாக்கியவர்களில் தலித் கிறித்தவ இளைஞர்களும் இருந்தார்கள். பள்ளிக்கூட பெஞ்சு, நிலம், பறை என்று மூன்று இடங்களில் அவர்கள் கை வைத்தார்கள். திருச்சபை சில நேரம் கூட வந்தது. சில நேரம் பின்னால் வந்தது. சில நேரம் வரவே இல்லை. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய இளைஞர்களைப் பற்றிப் பேசுவது வீண்.

பெஞ்சு

1837இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் சென்னையில் ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். பிற்காலத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். ஆங்கிலம் படித்தால் கம்பெனி அரசாங்கத்தில் வேலை என்பதால் ஆதிக்கச் சாதிப் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். மறு வருடமே பறையர் வகுப்புச் சிறுவர்கள் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவர்களை வெளியே அனுப்பு, இல்லாவிட்டால் தனி பெஞ்சு போடு என்றார்கள் மற்றவர்கள். ஆண்டர்சன் இரண்டுக்கும் மறுத்தார். மாணவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். சிறுவர்கள் பெஞ்சில் இருந்தார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் அந்த மிஷனின் கிளைப் பள்ளிகள் வந்தன. காஞ்சியில் ஆண்டர்சன் பெயரில் பள்ளி இன்றும் நடக்கிறது.

இந்தக் கதையை நம் ஆட்கள் சொல்லும்போது பெரும்பாலும் ஆண்டர்சனின் துணிச்சலோடு நிறுத்திவிடுவார்கள். அவர் துணிச்சல்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறுவர்களை யோசித்துப் பாருங்கள். தன்னைச் சுற்றியிருந்த பெஞ்சுகள் எல்லாம் தன் காரணமாகவே காலியாவதைப் பார்த்துக்கொண்டு ஒரு பையன் பாடம் படித்திருக்கிறான். போதகர் கதவைத் திறந்து வைக்கலாம். உள்ளே உட்கார்ந்திருக்கும் வேலையை அவன்தான் செய்தாக வேண்டும். இந்த மண்ணில் ஒரு தலித் இளைஞன் மாறிவரும் உலகத்தை எதிர்கொண்ட முதல் விதங்களில் ஒன்று அது: எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பது.

அதே காலத்தில் ஆலயங்களுக்குள் என்ன நடந்தது? 1833இல் ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதை ஏற்காமல் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் திரளாக விலகினார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு சாதியைக் கைவிடச் சொன்னபோது, லைப்சிக் லுத்தரன் மிஷன் அந்தக் கண்டிப்போடு உடன்படவில்லை. கத்தோலிக்கத் தரப்பில் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய ஆலயம் சாதிக்கு ஒரு கூடமாக, கால்சட்டையைப் போல இரண்டாகப் பிரிந்து நின்றது. அங்கே பிரிந்து நின்றவர்கள் வெள்ளாளரும் நாடாரும். தடுப்புச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. நாடார்களையே சுவருக்கு அப்பால் நிறுத்திய திருச்சபை, சேரிக்காரர்களை எங்கே நிறுத்தியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நிலம்

1876 முதல் 1878 வரை தாது வருசப் பஞ்சம். செங்கல்பட்டுச் சேரிகள் செத்து மடிந்தன. அதன் பிறகு குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் சேரி சேரியாக, மக்கள் கிறித்தவத்துக்கு வந்தார்கள். "சோத்துக்கு மதம் மாறியவர்கள்" என்ற ஏச்சு அப்போது தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. மாறியவர்கள் மிஷனரியிடம் கேட்டது சோறு மட்டுமா? மனைக்கட்டு கேட்டார்கள். நிலம் கேட்டார்கள். மிராசுதார் பொய் வழக்குப் போட்டால் கோர்ட்டுக்குத் துணை கேட்டார்கள்.

காரணம் எளிது. மிராசு முறையில் ஊரின் நிலத்தோடு புறம்போக்கு, தரிசு எல்லாவற்றின் மீதும் மிராசுதாருக்கு உரிமைப் பேச்சு இருந்தது. சேரிக் குடிசை நின்ற மண்கூட மிராசுதாருடையது என்றே சொல்லப்பட்டது. பண்ணையாள் ஒருவன் ஞானஸ்நானம் எடுத்தால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், அடுத்த நாளே "என் மனையைக் காலி பண்ணு" என்று சொல்ல முடியும். ஆன்மாவைப் பற்றிப் பேச வந்த போதகர்களுக்கு மனைக்கட்டைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தது சேரிதான். ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ருவும் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கவுடியும் அரசுக்கும் பத்திரிகைகளுக்கும் நிலத்தைப் பற்றி எழுதத் தொடங்கியது இப்படித்தான்.

இதற்கு முன்பே நம்மவர்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1885இல் "திராவிட பாண்டியன்" இதழ் வந்தது. அதை நடத்தியவர் போதகர் ஜான் ரத்தினம். உடன் நின்றவர் அயோத்திதாசர். ஒருவர் கிறித்தவர், மற்றவர் பின்னாளில் பௌத்தரானவர். 1893இல் "பறையன்" இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் இதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். அச்சு இயந்திரம்தான் அன்றைய புதிய பண்பாடு. அதைக் கண்டு அவர்கள் பயப்படவில்லை. வாங்கிப் பயன்படுத்தினார்கள்.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு விரிவான அறிக்கை அனுப்பினார். கூலி, கடன், மனை, நிலம், மிராசுதாரின் பிடி எல்லாம் அதில் வந்தன. அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. தலித் மக்களுக்கு நிலம் தரப்பட்டது. குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது, அதன் பிறகும் தலித் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்டது. தமிழகம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அக்டோபர் 10

நூறு ஆண்டு கழித்து அந்த நிலம் மறுபடி பேச்சுக்கு வந்தது. 1991 அம்பேத்கர் நூற்றாண்டு. அவருடைய எழுத்துகள் தமிழில் கைக்குக் கைமாறின. 1992இல் பாமாவின் "கருக்கு" வெளிவந்தது. துறவற மடத்தை விட்டு வெளியே வந்த ஒரு தலித் கிறித்தவப் பெண், ஊருக்குள் இருக்கும் சாதியையும் மடத்துக்குள் இருக்கும் சாதியையும் ஒரே மூச்சில் எழுதினார். எழுத்துத் தமிழ் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சேரித் தமிழில் எழுதினார். பண்பாட்டை எதிர்கொள்வது என்று இதைச் சொல்ல முடியாது. இது பண்பாட்டை உண்டாக்குவது.

அந்தச் சூழலில்தான் செங்கல்பட்டுப் பகுதியில் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் சூடுபிடித்தது. கரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தில் மக்கள் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் மக்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள்.

தோழர்களே, இந்த இரண்டு பெயர்களையும் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஒன்று பைபிளிலிருந்து வந்த பெயர். இன்னொன்று திருப்பதி மலையிலிருந்து வந்த பெயர். சேரிக்கு வெளியே இவை இரண்டு மதம், இரண்டு சமூகம், இரண்டு ஓட்டு வங்கி. சேரிக்குள் அக்கம்பக்கத்துப் பையன்களின் பெயர். பல வீடுகளில் அண்ணன் தம்பியின் பெயர். நிலம் கேட்டபோது இரண்டு பெயரும் சேர்ந்தே போனது. தோட்டாவும் மதம் பார்க்கவில்லை. ஒவ்வொரு அக்டோபர் 10 அன்றும் கரணையில் நாம் சேர்த்தே அஞ்சலி செலுத்துகிறோம்.

பறை

இப்போது நம் இளைஞர்கள் கையில் இருக்கும் பறைக்கு வருவோம். 2018இல் சென்னையில் முதல் மேடை ஏறிய "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழுவில் தொடங்கி, கல்லூரி விழா வரைக்கும் பறை வந்துவிட்டது. மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆனால் சில சபைப் பெரியவர்களுக்கு இன்னும் கசப்பு. "சாவு மேளத்தை ஆலயத்துக்குள் அடிப்பதா?" என்று கேட்கிறார்கள்.

அந்தப் பெரியவர்களை உடனே திட்டிவிடாதீர்கள். அவர்கள் பேச்சுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஊர்ச் சாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் பறை அடிப்பது அவர்கள் தாத்தா காலத்தில் கலை இல்லை. மறுத்தால் அடி விழும் கட்டாய வேலை. மிஷனரிகள் பறையைப் பேய் வழிபாடு என்று ஒதுக்கியது உண்மை. அதே நேரத்தில், "இனிமேல் உன் சாவுக்கு அடிக்க மாட்டேன்" என்று பறையைக் கீழே போடுவதற்கு ஞானஸ்நானம் பல குடும்பங்களுக்குக் காரணமாக உதவியது. அம்பேத்கர் வழியில் போராடிய சேரிகளும் பறையடிப்பதை நிறுத்தின. அன்று பறையைக் கீழே போட்டதும் சுயமரியாதை. இன்று எடுத்து அடிப்பதும் சுயமரியாதை. யார் கட்டளைக்கு அடிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

பறையை மறுபடி எடுத்ததில் திருச்சபைக்குள் இருந்த சிலருக்குப் பெரிய பங்கு உண்டு என்பது நம் இளைஞர்களில் பலருக்குத் தெரியாது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு என்ற ஆசிரியர் இருந்தார். மாணவர்களுக்கு அவர் "பரட்டை". 2005இல் மறைந்தார். கீர்த்தனை என்ற பெயரில் கர்நாடக இசையும் வடமொழி கலந்த தமிழும் ஆலயத்தில் ஆட்சி செய்த காலத்தில், நாட்டுப்புற மெட்டில், கூலிக்காரர் பேச்சில் வழிபாட்டையே அமைத்தார். "ஒரு உலை" என்பது அவர் சிந்தனையின் நடுவே இருந்த சொல். எல்லோருக்கும் ஒரே உலையில் பொங்கி, ஒன்றாக உட்கார்ந்து தின்பதுதான் நற்கருணை என்றார். யோசித்துப் பாருங்கள்: சாதிக்காரன் கோயிலுக்கு வருவான், பந்திக்கு வரமாட்டான். அப்பாவு கை வைத்தது சரியாக அந்த இடத்தில். அந்தக் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலைகளை மேடை ஏற்றியது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா என்ற கத்தோலிக்கத் துறவி தொடங்கிய சக்தி கலைக்குழுவில், ஆண்கள் மட்டுமே தொட்ட பறையைத் தலித் பெண்கள் இடுப்பில் கட்டி அடித்தார்கள். இந்த மேடைகளில் பறை ஒலித்தபோது சினிமாவும் தொலைக்காட்சியும் அதைக் கொண்டாடத் தொடங்கவில்லை.

ஆகவே, பறை அடிக்கும் பிள்ளையைப் பார்த்து "உலகம் இழுத்துக்கொண்டு போய்விட்டது" என்று சொல்லும் சபை, தன் சொத்தையே அடையாளம் தெரியாமல் பேசுகிறது.

சுவர் இன்னும் இருக்கிறது

வெறும் பெருமைக் கதையாக இதை முடிக்க முடியாது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். ஏன் தனியாகக் கேட்டார்கள்? பொது ஆலயத்தில், பொதுப் பாதையில் சம உரிமை கிடைக்கவில்லை என்பதால். வன்னியக் கிறித்தவர்கள் எதிர்த்தார்கள். வன்முறை, துப்பாக்கிச் சூடு, வன்னியர் இருவர் சாவு. ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்களுக்கு இடையில் போலீஸ் வந்து நின்றது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைக்கு நடுவே சுவர். செத்த பிறகும் தள்ளி வைத்த சுவர் அது.

2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை அதில் ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, முதல் தலித் கர்தினால் ஆனார். நல்லது. ஆனால் கொள்கை அச்சில் இருக்கிறது. உங்கள் பங்குப் பேரவையில் எத்தனை பேர் சேரியிலிருந்து? மிஷன் பள்ளியின் ஆசிரியர் பணியிடங்களில் எத்தனை? இளைஞர்கள் விலகுகிறார்கள் என்று கவலைப்படும் சபை முதலில் இந்தக் கணக்கைக் காட்டட்டும்.

மூன்றாவது பத்தி

அரசாங்கம் கட்டிய சுவர் ஒன்று உண்டு. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியேதான். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. நீங்கவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம். அதன் கெடு தள்ளிக்கொண்டே போனது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

இதன் பொருள் என்ன? ஜான் தாமஸ், ஏழுமலை என்று இன்று இரண்டு பையன்கள் ஒரே தெருவில் இருந்தால், ஏழுமலை பட்டியல் சாதி. ஜான் தாமஸ் ஆவணப்படி கிறித்தவன் என்றால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. கல்வி உதவித்தொகை போன்ற சிலவற்றை மாநில அரசு மதம் மாறியவர்களுக்கும் தருகிறது. ஆனால் தனித் தொகுதியில் நிற்க முடியாது. பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்க முடியாது. சாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவனுக்கு இல்லை. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகர் கொடுத்த வன்கொடுமை வழக்கை இந்தக் காரணத்துக்காகவே ரத்து செய்தது. அடித்தவனுக்கு அவர் சாதி தெரிந்திருந்தது. சட்டத்துக்குத் தெரியவில்லை.

இதனால்தான் நம் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, டிசியில் ஒன்று. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரி வழக்கு ஒன்றில், கிறித்தவ நம்பிக்கையில் வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. மோசடி என்ற சொல் நம் பிள்ளைகள் மேல் விழுகிறது. சேரியில் பிறந்ததற்கான தண்டனையை மதம் மாறினாலும் அனுபவிக்க வேண்டும், அதற்கான பாதுகாப்பை மட்டும் மதம் மாறினால் விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் விதிக்கு என்ன பெயர் வைப்பது? "இளைஞர்கள் ஏன் ஆலயத்தில் முகம் காட்டத் தயங்குகிறார்கள்?" என்று கேட்கும் ஆயரும் போதகரும் யூடியூபைத் திட்டுவதற்கு முன் இந்த மூன்றாவது பத்தியைப் படிக்கட்டும்.

ஐயம்பேட்டையிலிருந்து

நான் வேலை செய்யும் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை, வாலாஜாபாத் பக்கம் பட்டுத்தறியின் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. தறிக்காரர் பிள்ளைகளே தறிக்குழியில் இறங்க விரும்புவதில்லை. கூலித்தறிக்குப் போன சேரிக் குடும்பங்களின் பிள்ளைகள் விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஷிப்டு முறையில் ஞாயிறு என்று ஒரு நாள் தனியாக இல்லை. காலை பத்து மணி ஆராதனைக்கு அவர்கள் வரவில்லை என்றால் விசுவாசம் குறைந்தது என்று பொருள் இல்லை. நைட் ஷிப்டு முடிந்து தூங்குகிறார்கள் என்று பொருள். அதே பிள்ளைகள் ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போட வருகிறார்கள், டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுகிறார்கள், தெருவில் சாவு விழுந்தால் முதலில் நிற்கிறார்கள். அவர்கள் எதையும் விட்டுப் போகவில்லை. எல்லாவற்றையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு மூன்று வேலை சொல்கிறேன். மூன்றும் இந்த வருடமே செய்யக்கூடியவை.

ஒன்று, உங்கள் ஊர் வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் "அ" பதிவேட்டைப் பாருங்கள். டி.சி. நிலம் என்று குறிப்பு இருக்கிறதா, இப்போது பட்டா யார் பெயரில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இரண்டு, பழைய ஆலயம் இருந்தால் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கல்லறைப் பதிவேட்டையும் பார்க்க அனுமதி கேளுங்கள். பாட்டன் பூட்டன் பெயர், அவர்கள் விட்டு வந்த பெயர், எந்த வருடத்தில் எத்தனை குடும்பம் வந்தது என்று குறித்து வையுங்கள். இது வேறெங்கும் கிடைக்காத சேரி வரலாறு. செல்லரித்துப் போவதற்குள் எழுதியாக வேண்டும்.

மூன்று, எழுபது எண்பது வயதுப் பெரியவர்களிடம் பறையை ஏன் விட்டார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். நீங்கள் ஏன் எடுத்தீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். தாத்தாவும் பேரனும் ஒரே சண்டையைத்தான் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போது இருவருக்கும் புரியும்.

1838இல் பெஞ்சை விட்டு எழாத சிறுவர்களின் பெயர் நமக்குப் பழக்கமில்லை. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற பெயர்கள் பழக்கம். அவற்றைப் பிரித்துச் சொல்ல யாருக்கும், அரசாங்கமாக இருந்தாலும் சபையாக இருந்தாலும், நாம் இடம் கொடுக்க வேண்டாம்.

ஜெய்பீம்.